ஒன்றும் போடாத பாத்தி

“அதெல்லாம் சரி டீச்சர். ஒண்ணுமே போடாத பாத்தி எப்படி முதல்ல வரும்?”

டீச்சர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் பதில் சொல்ல வேண்டும். மரஸ்கேலை மண்ணில் ஊன்றி வெண்டைச் செடியை இன்னொரு தடவை அளந்தாள். ஸ்கேல் முடிந்த பிறகும் செடி அது பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

“ஸ்கேல்ல ஏதாவது கோளாறோ?”

“போன வாரமும் இதான் சொன்னீங்க. ஆபீஸ் ரூம்ல வேற ஸ்கேல் வாங்கிட்டு வந்து அளந்தோம். அதுவும் இதையேதான் சொல்லுச்சு.”

கேள்வி கேட்டவளுக்கு வகுப்பில் வைத்திருக்கும் பெயர் சந்தேகம். ஏழாம் வகுப்பு. பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கை தூக்குவாள். “சந்தேகம் வந்துட்டா, எல்லாரும் உஷார்” என்று பையன்கள் கிண்டலடிப்பார்கள். அவள் அதைப் பரிசு வாங்குகிற மாதிரி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை.

“டீக்கடைப் பாத்தி என் முட்டிக்குத்தான் இருக்கு. சலூன் பாத்தி அதுக்கும் கீழ. மீன்கடைப் பாத்தியில பாதிச் செடியே காணோம். சும்மா பாத்தி மட்டும் என் தோள்பட்டையைத் தாண்டுது. சும்மா இருந்தே வளரலாம்னா நாம எதுக்கு டீச்சர் வாளி வாளியாச் சுமந்தோம்?”

டீச்சர் விரல் விட்டு நாளை எண்ணினாள். காரணம் சனிக்கிழமை. சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மதிலுக்கும் கழிப்பறைச் சுவருக்கும் நடுவே கிடக்கும் நிலம்தான் இந்தத் தோட்டம். உடைந்த பெஞ்சுகளும் விரிசல் விட்ட கரும்பலகைகளும் போய்ச் சேரும் இடமாக அது இருந்தது. அங்கே வண்டி நிறுத்தத் தகரக் கொட்டகை போடுவதென்று தலைமையாசிரியை முடிவு செய்து, படம்கூட வரைந்து வைத்திருந்தார். அதைக் காட்டிய ஆசிரியர் கூட்டத்தில்தான், வேலைக்குச் சேர்ந்து மாற்றுச் செருப்புகூட வாங்காத இந்த சயின்ஸ் டீச்சர், நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் சொல்லிவிட்டாள்: “மேடம், அங்க தோட்டம் போடலாமே.”

“அழகுக்கா?”

“இல்ல மேடம். பாடத்துக்கு.”

தலைமையாசிரியை பல வருஷம் கணக்கு நடத்தியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “பாடம்னா கடைசியில விடை வரணும்மா. ஒரு பருவம் தர்றேன். பெத்தவங்க வர்ற அன்னைக்கு, பிள்ளைங்க என்ன கண்டுபிடிச்சாங்கன்னு எனக்கு ஒரே வரியில சொல்லணும். சொல்ல முடியலன்னா திங்கக்கிழமை தகரம் வந்து இறங்கிரும்” என்றார்.

சக ஆசிரியர்கள் டீச்சரைப் பார்த்த பார்வையில் இரக்கம் கொஞ்சமும் வேடிக்கை நிறையவும் இருந்தது. அவளுக்கா? கண் முன்னால் தோட்டமே முளைத்துவிட்டது.

அவள் எடுத்த கேள்வி இதுதான்: நம்ம தெருவில் தினமும் குப்பைக்குப் போகிற பொருள்களில் செடிக்கு எது நல்லது? அதற்குக் கூட்டாளிகள் வேண்டுமே. பள்ளி விட்டதும் தெருவில் இறங்கிவிட்டாள்.

முதலில் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற டீக்கடை. “டீச்சரம்மா, சக்கையா வேணும்? மகாராணியா எடுத்துட்டுப் போங்க. அதைக் கொட்டப் போனா குப்பை வண்டிக்காரன் என்னையும் சேத்துத் திட்டுறான்” என்றார் டீக்கடைக்காரர்.

அடுத்தது சலூன். வெட்டிய முடி வேண்டும் என்றதும் சலூன்காரர் கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்தினார். நாற்காலியில் இருந்தவரும் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார்.

“எதுக்கு டீச்சர்? யாருக்காவது சூனியம் வைக்கணுமா?”

“செடிக்கு உரமாப் போடலாம்ணா. முடியில சத்து இருக்கு.”

“அப்போ சத்து இவ்வளவு நாளாத் தரையிலதான் கிடந்துச்சா? நான் தலைக்குள்ள இருக்கும்னு நெனச்சேன்.” நாற்காலிக்காரர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது மீன்கடை. அது டீச்சருடைய சொந்த அத்தையின் கடை. மீன் கழுவுகிற தண்ணீரை வாளியில் பிடித்து வைக்கச் சொன்னதும் அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “எங்க அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன், பிள்ளைய அளவாப் படிக்க வைன்னு. கேட்டானா? இப்ப பாரு, மீன் கழுவுன தண்ணிக்கு வந்து நிக்குது.” சொல்லிக்கொண்டே பெரிய வாளியை எடுத்து வைத்துவிட்டாள்.

நாலு பாத்தி போட்டார்கள். மண்ணை எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலந்து நாலுக்கும் பங்கு போட்டார்கள். ஒரே பாக்கெட் விதை, ஒரே அளவு தண்ணீர். விரிசல் விட்ட கரும்பலகையை அறுத்துப் பெயர்ப் பலகை செய்தார்கள். ‘டீக்கடைப் பாத்தி’, ‘சலூன் பாத்தி’, ‘மீன்கடைப் பாத்தி’. பலகை நட்ட அன்றைக்குக் கூட்டாளிகள் மூன்று பேரும் வந்து பார்த்தார்கள். டீக்கடைக்காரர் தன் பலகையில் ஒட்டியிருந்த மண்ணைத் தோள்துண்டால் துடைத்தார். சலூன்காரர் கொஞ்சம் பின்னால் போய், தலையைச் சாய்த்து, “எழுத்து ஒரு பக்கம் இறங்குது” என்று திருத்திக் கொடுத்தார். அத்தை தன் பலகையைச் செல்போனில் படம் எடுத்து எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினாள்.

நாலாவது பலகையில் ‘ஒன்றும் போடாதது’ என்று இருந்தது.

“இது எதுக்கு?” என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

“ஒப்பிட்டுப் பாக்கணும்ல அண்ணே. இதுக்கு எதுவும் போடக் கூடாது. அப்பத்தான் மத்ததுல நாம போட்டது வேலை செஞ்சுதான்னு தெரியும்.”

மூன்று பேரும் தலையாட்டினார்கள். சலூன்காரர் மட்டும், “பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும்தான் சிரித்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. சக்கையை வாசலில் வைத்தால் போதும் என்று சொல்லியிருந்தும், டீக்கடைக்காரர் தினமும் அடுப்பு பற்றவைக்கும் முன்னால் தானே வந்து பாத்தியை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனார். சலூன்காரர் கடை அடைக்கிற கிழமையில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பழைய கத்தரிக்கோலால் களையைப் பிசிறில்லாமல் வெட்டினார். பிள்ளைகளுக்கும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அத்தை வாளியோடு வந்தால் பூனைகள் ஊர்வலமாகப் பின்னால் வரும். பூனைக்கு நாக்கு ஏன் சொரசொரப்பு, மீன் ஏன் வழுக்குகிறது என்று பிள்ளைகள் அவளைக் கேட்டுத் துளைப்பார்கள். அவளும் தெரிந்ததைச் சொல்வாள், தெரியாததற்கு “உங்க டீச்சரக் கேளு, அவளுக்குத்தான சம்பளம்” என்பாள். தெருவே பள்ளிக்கூடத்துக்குள் வந்து போனது. டீச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இப்போது இந்த சும்மா பாத்தி வந்து தலையில் கல்லைப் போடுகிறது.

“வெயில் இந்தப் பக்கம் கூடுதலா விழுதோ?” என்றாள் டீச்சர், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

சந்தேகத்துக்கு அது போதும். மறுநாளே நாலு பாத்தியிலும் நாலு குச்சி நட்டு, ஒவ்வொரு இடைவேளைக்கும் ஓடிவந்து மதில் நிழல் எங்கே இருக்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். நாலுக்கும் ஒரே வெயில். அடுத்தது குழாய். சும்மா பாத்திதான் குழாய்க்குப் பக்கம், கசிவு இருந்தால்? குழாய்க்கு அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, மேலே கல் வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் பார்த்தால் தாள் மொறுமொறுவென்று காய்ந்தே கிடந்தது. “கசியல. நமக்குத்தான் மூளை கசியுது” என்றான் பின்பெஞ்சுப் பையன் ஒருவன்.

“மண்ணையே பாத்தா என்ன டீச்சர்?” என்று சந்தேகம் கேட்டாள்.

“மண்ணுதான் எல்லாத்துலயும் ஒண்ணாச்சே.”

“நாம போடும்போது ஒண்ணு. இப்பவும் ஒண்ணுதான்னு யாரு பாத்தா?”

டீச்சர் ஆளுக்கொரு ஸ்பூனும் வெள்ளைத் தாளும் கொடுத்தாள். சும்மா பாத்தியின் ஓரத்தில் மேல்மண்ணைக் கிள்ளித் தாளில் பரப்பினார்கள். பத்துத் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குனிந்தன.

“டீச்சர், இது என்ன கறுப்பு நூலு?”

டீச்சர் லென்ஸை வைத்துப் பார்த்தாள். நூல் இல்லை. முடி. பொடிப் பொடியாக வெட்டிய முடி.

“இங்க பளபளன்னு ஒண்ணு. மீன் செதிலு டீச்சர்.”

“இது டீத்தூளு. மோந்து பாருங்க.”

பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. புதையல் எடுத்தவர்கள் மாதிரி ஆளுக்கு ஒன்றைத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் போடாத பாத்தியில் எல்லாமே இருந்தது. அப்படியென்றால் ஒப்பிட ஒன்றும் இல்லை. அப்படியென்றால் ஒரு வரி விடையும் இல்லை. தகரம் ஏற்றிய லாரி மதிலைத் தாண்டி வருகிற சத்தமே காதில் கேட்டது.

சாயங்காலம் நேராக டீக்கடைக்குப் போனாள்.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க. சும்மா பாத்தியில சக்கை போட்டீங்களா?”

டீக்கடைக்காரர் பாலை ஆற்றுகிற கையை நிறுத்தாமல் கடையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். குரலை இறக்கினார். “ஒரு கைப்பிடிதான் டீச்சரம்மா. தினமும் ஒரு கைப்பிடி. நீங்களே சொல்லுங்க, நாலு பேரு பெஞ்சில உக்காந்திருக்கான், மூணு பேருக்கு டீ குடுத்துட்டு நாலாவது ஆளை வெறும் வாயோட அனுப்பினா நான் டீக்கடைக்காரனா? மத்தவங்க கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க. நான் ஒருத்தன்தான் பாத்துக்கறேன். அவங்ககிட்ட சொல்லிராதீங்க, சங்கடப்படுவாங்க.”

“உங்க பாத்தியில ஏன் அவ்வளவு எறும்பு?”

“அது… வெறும் சக்கை குடுக்க மனசு வரல. மிச்ச டீயையும் சேத்து ஊத்துனேன். பாலு, சக்கரை எல்லாம் போட்ட டீதான். நம்ம பேரு எழுதின எடம் பாருங்க.”

டீச்சர் நெற்றியில் கை வைத்தாள். சலூனுக்குப் போனாள். சலூன்காரர் ஒருத்தர் தலையின் பின்பக்கத்தைச் சீர் செய்துகொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவே இல்லை.

“போட்டேன் தங்கச்சி. மூணு பச்சையா நிக்குது, ஒண்ணு மட்டும் வாடி இருந்துச்சு. என் கண்ணுக்குச் சமமாத் தெரியலன்னா கை சும்மா இருக்காது. இவரையே கேளுங்க, ஒரு பக்கம் குறைச்சிட்டு மறுபக்கம் விட்டா வெளிய அனுப்புவேனா?”

“அனுப்ப மாட்டாரு. சமமாக்குறேன்னு முன்ன ஒருக்கா மொட்டையே ஆக்கிட்டாரு” என்றார் நாற்காலிக்காரர்.

“அதுக்கு மட்டும் பொடியா வெட்டி, மண்ணோட கலந்து போட்டேன். ஏன்னா யாராவது பாத்துருவாங்கல்ல. என் பாத்திக்குத்தான் தாராளமா அள்ளிப் போட்டேன். அது என்னடான்னா விக்கு வச்ச மாதிரி உக்காந்துக்கிச்சு. தண்ணி ஊத்துனா வழுக்கிட்டு ஓடுது.” கத்தரிக்கோலை உதறினார். “டீக்கடைக்காரர்கிட்ட சொல்லாதீங்க. அவருக்கு அந்தப் பாத்தி மேல அக்கறையே கிடையாது, வருத்தப்படுவாரு.”

அத்தையிடம் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. “ஆமாடி, ஊத்துனேன். ஒரு சொம்பு. கடைக்கு வர்ற பூனைக்கே வெறும் வயித்தோட போகாதேன்னு மீன் தலையத் தர்றவ நான். பச்சப்பிள்ளை மாதிரி ஓரமா நிக்குது, அது முன்னாடி பக்கத்துப் பாத்திக்கு வாளியைக் கவுத்துட்டு வரச் சொல்றியா? என்னால ஆகாது. என் பாத்தியத்தான் பூனைங்க தோண்டிப் போட்டுருச்சே, அதுல உனக்குத் திருப்திதான?”

“அத்தை, போடக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“உனக்குச் சின்ன வயசுல இனிப்பே குடுக்கக் கூடாதுன்னு உங்கம்மா கூடத்தான் சொன்னா. நான் குடுக்கலையா?”

அதற்கு மேல் அந்த இடத்தில் வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது.

வீட்டில் அவள் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தம்பி விஷயத்தைக் கேட்டான். கேட்டு முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து, வழியும் சொன்னான்.

“இதுக்கு ஏன்க்கா இவ்வளவு சோகம்? பலகைய மாத்து. ‘ஒன்றும் போடாதது’ன்னு இருக்கறத அழிச்சிட்டு ‘எல்லாம் கலந்தது’ன்னு எழுது. விடை சூப்பரா வந்துருச்சு. எல்லாத்தையும் கலந்தா செடி நல்லா வளரும். ஒரே வரி. உங்க மேடம் ஆடிப்போயிருவாங்க.”

அம்மா அடுப்படியிலிருந்தே, “இவன் சொல்றதுல என்ன தப்பு? கலந்ததுதானே நடந்துச்சு?” என்றாள்.

டீச்சருக்கும் ஒரு கணம் உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. உண்மைதானே. பொய்கூட இல்லை. பெயிண்ட் டப்பா பள்ளி அலமாரியில்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். அங்கே சந்தேகம் அவளுக்கு முன்பே வந்து, தாளில் ஒட்டிய முடியையும் செதிலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பலகை மாத்தப் போறீங்களா டீச்சர்?”

“யோசிக்கறேன். ‘எல்லாம் கலந்தது’ன்னு எழுதலாமான்னு.”

“எழுதலாம். ஆனா யாராவது எவ்வளவு கலந்தீங்கன்னு கேட்டா?”

“ஒரு கைப்பிடி, ஒரு சொம்பு…”

“டீக்கடை மாமா கைப்பிடி பெருசு. அத்தை சொம்பு நெளிஞ்ச சொம்பு. சலூன் மாமா எவ்வளவு போட்டாருன்னு அவருக்கே தெரியாதுல்ல?” அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத் துடித்தாள். “நாமளே மறுபடி செஞ்சு பாத்தா இதே மாதிரி வருமா டீச்சர்?”

டீச்சர் டப்பாவைத் திறக்கவே இல்லை. கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. பெற்றோர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். கூட்டாளிகள் மூன்று பேரும் அவரவர் பாத்திக்குப் பக்கத்தில் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். அத்தை அன்றைக்கு நல்ல புடவை கட்டியிருந்தாள். தலைமையாசிரியை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“சொல்லுங்க. ஒரு வரி.”

டீச்சர் சந்தேகத்தைப் பார்த்தாள். சந்தேகம் தொண்டையைச் செருமினாள். “எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியல மேடம்.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

“ஒரு பருவம் முழுக்க செஞ்சும் தெரியலையா?”

“ஏன் தெரியலைன்னு தெரியும் மேடம்.” அவள் வெள்ளைத் தாளை நீட்டினாள். “ஒண்ணும் போடாத பாத்தியில எல்லாரும் போட்டிருக்காங்க. டீத்தூள், முடி, மீன் செதிலு.”

டீக்கடைக்காரர் மெல்லத் திரும்பி சலூன்காரரைப் பார்த்தார். “நீயுமா?”

“நீங்களா? நீங்க கண்டுக்கவே மாட்டீங்கன்னுல நெனச்சேன்.”

“நானா கண்டுக்க மாட்டேன்? உன்னைத்தான் நான் அப்படி நெனச்சு, உனக்கும் சேத்து ஒரு பிடி கூடப் போட்டுட்டிருந்தேன்.”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க” என்றாள் அத்தை. “நீங்க போடுறீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு அவ்வளவு தூரம் சொம்பைத் தூக்கிட்டு நடந்திருப்பேன்? ஒரு வார்த்தை சொல்றதுக்கு வாய் இல்லையா?”

பெற்றோர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவள் தலைமையாசிரியையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் சிரிக்கவும் இல்லை, சுளிக்கவும் இல்லை. அவர் புடவை மண்ணில் படுவதைக்கூடக் கவனிக்காமல் சும்மா பாத்திக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு செடியின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு சலூன் பாத்திக்குப் போய் அதே மாதிரி பிடித்துப் பார்த்தார்.

“சரி, ஒண்ணு சொல்லு” என்றார் சந்தேகத்திடம். “இது இப்படி வளர்ந்தது மூணையும் கலந்ததாலயா? இல்ல, கொஞ்சமா போட்டதாலயா? மத்தவங்க அவங்கவங்க பாத்தியில அள்ளிக் கொட்டியிருக்காங்கல்ல.”

சந்தேகம் வாயைப் பிளந்தாள். அந்தக் கேள்வி அவளுக்கே தோன்றவில்லை. “தெரியல மேடம். அதைக் கண்டுபிடிக்கணும்னா… டீ மட்டும் கொஞ்சமா ஒரு பாத்தி வேணும். டீ நெறைய ஒரு பாத்தி. கலந்து கொஞ்சம். கலந்து நெறைய…”

“முடி மட்டும் கொஞ்சம்” என்றார் சலூன்காரர்.

“நிஜமாவே ஒண்ணும் போடாதது ஒண்ணு” என்றார் தலைமையாசிரியை, அவரைப் பார்க்காமலே. எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். “இன்னொரு பருவம் தர்றேன். தகரம் காத்திருக்கும், கெட்டுப்போற சாமான் இல்ல. ஆனா அடுத்த தடவை எனக்கு விடை வேணும். இரக்கப்படாத விடை.”

டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் சந்தேகம் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

“மேடம், பலகையில பேரே இல்லாம வெறும் நம்பர் போட்டா? எது யாரு பாத்தி, எது சும்மா பாத்தின்னு நமக்கு மட்டும் தெரியும். மாமாங்களும் அத்தையும் வாசல்லயே வாளிய வச்சிட்டுப் போயிடலாம். உள்ள வந்தாத்தானே பாவம் பாப்பாங்க.”

“இதுதான் முறை” என்றார் தலைமையாசிரியை. “எப்படிச் செய்யறதுன்னு உங்க டீச்சர் முடிவு பண்ணட்டும். திங்கக்கிழமை எனக்குச் சொல்லுங்க.” சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீக்கடைக்காரர் தோள்துண்டை எடுத்துத் தன் பலகையை ஒரு தடவை துடைத்தார். “நம்பர்னா… எல்லாம் ஒண்ணு ரெண்டு மூணுன்னா?”

“ஆமாண்ணே.”

“அதுவும் சரிதான். பாடம்னா முறைப்படி செய்யணும்ல.” அவர் குரலில் குறையே இல்லை. அதனால்தான் டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது. “காலையில அடுப்பு மூட்டுறதுக்கு முன்னாடி இங்க ஒரு சுத்து வந்தே பழகிப்போச்சு. அவ்வளவுதான்.”

“களையெல்லாம் நீங்களே வெட்டிக்குவீங்கல்ல?” என்று சலூன்காரர் பிள்ளைகளைக் கேட்டார். கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒரு பையன் அவர் மகளைப் பார்த்தான்.

அத்தை மட்டும், “வாசல்ல வச்சிட்டுப் போனா பூனை என்னைத் தேடுமேடி” என்றாள். பூனையைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் பாத்திகளுக்கு நடுவே நின்றாள். நம்பர் போட்டால் தலைமையாசிரியை கேட்ட சுத்தமான விடை கிடைக்கும், நிலமும் தங்கும். ஆனால் வாசலில் வாளி வைத்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனை நாளைக்கு வைப்பார்கள்? பூனை நாக்கைப் பற்றியும் கத்தரிக்கோலைப் பற்றியும் பிள்ளைகள் கற்றது எந்தப் பாத்தியின் கணக்கில் வரும்? பெயர்ப் பலகையை விட்டுவைத்தால் தெருவே உள்ளே வரும். கூடவே அந்த ஒரு கைப்பிடியும் வரும், நாலாவது ஆளுக்கும் டீ ஊற்றுகிற கை அது. விடை மறுபடியும் வராது. அப்புறம் தகரம் வரும். இரண்டுக்கும் நடுவே வேறு வழி இருக்கிறதா? மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு தனிப் பாத்தி கொடுத்து, அங்கே இஷ்டத்துக்குப் பாவம் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தொடாதீர்கள் என்று சொன்னால் கேட்பார்களா? அத்தை கேட்பாளா?

டீக்கடைப் பலகையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தாள். மண் இளகித்தான் இருந்தது, இழுத்தால் வந்துவிடும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமைக்கு நடுவே அந்த ஒரு நாள்தான் இருக்கிறது, அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் பலகையைப் பிடுங்கியிருப்பீர்களா, விட்டிருப்பீர்களா, இல்லை, அவளுக்கும் சந்தேகத்துக்கும் தோன்றாத மூன்றாவது வழி ஏதாவது உங்களுக்குத் தோன்றுகிறதா?